பதினான்கு கையெழுத்துள்ள மட்டை

காலை பதினொன்று பத்துக்குப் பார்சலைப் பிரித்தோம். முதலில் கண்ணில் பட்டது கைப்பிடியின் பச்சை ரப்பர் உறை. அதன் அடியில் ஒரு விரற்கடை அளவு கிழிசல் இருந்தது. பிறகு கசக்கிய செய்தித்தாள் உருண்டைகள் வந்தன, இந்தி அச்சு. கடைசியில்தான் மட்டையின் முகமும், அதில் நீல மையில் போட்ட பதினான்கு கையெழுத்துகளும் தெரிந்தன.

2007ஆம் ஆண்டு ஆடி மாதம். கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் சாலையில் ஒரு திராட்சை வியாபாரியின் கொட்டகை. நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். அணையின் நீர்மட்டம், குமுளி மலைச்சாலையில் கவிழ்ந்த ஜீப், வாரம் ஒருமுறை திராட்சை விலை, இவ்வளவுதான் என் வேலை. அன்று விலை கேட்கப் போயிருந்தேன்.

வியாபாரிக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. வலது கால் சிறு வயதிலேயே சூம்பிவிட்டதால் அவர் ஒருநாளும் கிரிக்கெட் ஆடியதில்லை. ஆனால் வானொலி வர்ணனையில் கேட்ட எதையும் மறந்ததும் இல்லை. எடைத்தராசுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி பீரோ வைத்திருந்தார். பழைய டெஸ்ட் போட்டி டிக்கெட்டுகள், தையல் பிரிந்த இரண்டு பந்துகள், வெளுத்த தொப்பி ஒன்று, யாரோ பென்சிலில் எழுதிய ஸ்கோர் அட்டைகள் அதில் இருந்தன. பாதிக்கு மேல் இணைய ஏலத்தில் எடுத்தவை. கம்பத்தில் பிரவுசிங் சென்டர் வந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் மாலையில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்.

அன்று, ஒரு தொடரில் ஆடிய அணியினர் கையெழுத்திட்டது என்று சொல்லி ஏலத்தில் விற்ற அந்த மட்டையை மடியில் கிடத்தி, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். பிறகு ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

“தம்பி, இந்த ஆளு அந்தத் தொடர்லயே இல்ல. முட்டி போயி வீட்ல கெடந்தாரு.”

“வேற எப்பவாச்சும் போட்டிருக்கலாம்ல அண்ணே?”

“வித்தவன் என்ன எழுதியிருந்தான்? கடைசி மேட்ச் முடிஞ்சு ஓட்டல்ல வச்சு எல்லாரும் சேந்து போட்டதுன்னு எழுதியிருந்தான். இவரு நொண்டிக்கிட்டே ஓட்டலுக்கு வந்து போட்டுட்டுப் போனாராக்கும்?” தன் காலைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். “என்னையக் கூப்புட்டிருந்தா நானும் போயி ஒண்ணு போட்டிருப்பேன்.”

வேறு இரண்டு கையெழுத்துகள் ஒரே கை போட்டவை என்றும் காட்டினார். ஒரே சாய்வு, பேனாவைத் தூக்கிய இடமும் ஒன்றே. மீதி பதினொன்றைப் பற்றி அவருக்கும் உறுதியில்லை.

திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன். பொருள் சரியில்லை என்றால் ஏழு நாளைக்குள் புகார் செய்யலாம் என்பது அந்த ஏலத் தளத்தின் விதி. அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“பாத்துத்தான எடுத்தேன். போட்டாவுல இந்தக் கையெழுத்து தெளிவாத்தான் இருந்துச்சு. நான் சரியாப் பாக்கல. அதுக்கு அவன் என்ன செய்வான்?”

இதைப் புரிந்துகொள்ள, எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை எப்படிக் கைமாறுகிறது என்பது தெரிய வேண்டும். பழம் பந்தலில் தொங்கும்போதே வியாபாரி தோட்டத்துக்குள் ஒரு சுற்று நடப்பார். குலையைத் தூக்கிப் பார்ப்பார், இலையைத் திருப்பிப் பார்ப்பார், விலை பேசி அச்சாரம் கொடுப்பார். அதற்குமேல் பழம் வெடித்தாலும் அழுகினாலும் அவர் பாடு. தோட்டக்காரருக்கு ஒரே ஒரு கடமைதான் உண்டு. கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. கேட்காததைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

ஓடைப்பட்டியில் ஒரு தோட்டக்காரரை மூன்று பருவம் எந்த வியாபாரியும் எட்டிப் பார்க்காததை நான் கண்டிருக்கிறேன். மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டதற்குப் பதினைந்து என்று சொல்லிவிட்டார். ஐந்துதான் ஆகியிருந்தது. அவர் பழம் கொடியிலேயே வற்றியது. பக்கத்துத் தோட்டக்காரர், பாதிப் பந்தலில் சாம்பல் நோய் இருந்ததைச் சொல்லாமல் விற்றார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. யாரும் அவரிடம் கேட்கவில்லை.

எங்கள் வியாபாரி இந்த வழக்கத்தில் சுத்தமானவர் என்று பெயரெடுத்தவர். மோசமான தோட்டத்தில் மாட்டிக்கொண்டால் வாயைத் திறக்காமல் அறுத்து, வந்த விலைக்கு அனுப்பிவிட்டுப் போவார். மட்டை விஷயத்திலும் அதையே செய்தார். தனக்கு விற்றவருக்குத் தளத்தில் ‘நல்லது’ என்று மதிப்பெண்கூடப் போட்டார். “நாளைக்கு நாம விக்கப்போற சரக்கை நாமளே சொத்தைன்னு சொல்லலாமா?” என்றார்.

கார்த்திகையில் அவர் அதை விற்க முடிவு செய்தார். தளத்தில் பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட்டார். என் ஆங்கிலம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கம்பத்தில் அவருக்குத் தெரிந்தவர்களில் எழுதிப் பிழைப்பவன் நான் ஒருவன்தான்.

பிரவுசிங் சென்டரை நடத்தியவர் ஒரு ராவுத்தர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். பல்லில் பாக்கும் வாயில் கேலியும் எப்போதும் இருக்கும். மூன்று பேரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்தோம்.

“பொய் ஒரு எழுத்து வரக்கூடாது தம்பி,” என்றார் வியாபாரி. “கேக்காததும் வர வேணாம்.”

எனக்கு அது கடினமாக இல்லை. அந்த வேலையைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ‘கூறப்படுகிறது’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு செய்தி உண்மையா என்று தெரியாதபோதும், பொய் என்று தெரிந்தும் போடவேண்டியிருக்கும்போதும் அதைச் சேர்த்துவிட்டால் வழக்கு வராது. நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்: ‘குறிப்பிட்ட தொடரின் முடிவில் அணியினர் கையெழுத்திட்டதாகக் கூறப்படும் மட்டை. பதினான்கு கையெழுத்துகள். அனைத்தின் தெளிவான படங்களும் உள்ளன. மேலும் விவரம் வேண்டுவோர் கேட்கலாம்.’ படங்களை என் கேமராவிலேயே எடுத்தேன். முட்டி உடைந்தவரின் கையெழுத்துதான் எல்லாவற்றிலும் தெளிவாக விழுந்தது.

பாய் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “யாரு கூறுறது?”

“என்னது?”

“கூறப்படும்னு போட்டிருக்கீகள்ல. அதான், கூறுறது யாருன்னு கேட்டேன்.”

“முன்னாடி வித்தவன் கூறுனான்.”

“அண்ணன் என்ன கூறுறாக?”

வியாபாரி முந்திக்கொண்டார். “பாய், கேள்வி கேக்கத்தான் கீழ ஒரு பொட்டி வச்சிருக்கான்ல. வாங்குறவன் அதுல கேக்கட்டும். கேட்டா உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன். நீங்க வாங்குறீகளா?”

“எனக்கு எதுக்கு? கொசு அடிக்க வீட்ல வேற பேட்டு கெடக்கு,” என்று பாய் எழுந்து போனார்.

ஏலம் ஏழு நாள் ஓடியது. வியாபாரி தினமும் வந்து கேள்விப் பெட்டியைத் திறந்து பார்த்தார். யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அல்ல என்பதை எழுதியாக வேண்டும். கேட்டால் என்ன பதில் என்பதை என்னிடம் சொல்லியும் வைத்திருந்தார். ‘ஒருவர் அந்தத் தொடரில் ஆடவில்லை, இரண்டு ஒரே கை’ என்பதே அது. ஒருவரும் கேட்கவில்லை. கடைசி நாள் மட்டை, அதற்கு முன் அந்தத் தளத்தில் எதையும் வாங்கியிராத ஒருவருக்குப் போனது. போய்ச் சேர்ந்ததும் அவர் முழு மதிப்பெண் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்காக வாங்கியது, மிக்க நன்றி என்று எழுதியிருந்தார்.

வாங்கியவரை நான் பார்த்தது மாசி மாதம், வெயில் ஏறிய பிறகு. வியாபாரி போனில் கூப்பிட்டார், “வெரசா வாங்க தம்பி” என்றார், வேறெதுவும் சொல்லவில்லை. கொட்டகையில் காலிப் பழக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில் கயிறு பட்டுப் பட்டுக் கறுத்த கோடு. பக்கத்தில், கட்டம்போட்ட போர்வையில் சுற்றி இரண்டு இடத்தில் சணல் கட்டிய மட்டை.

அவர் தென்கோடி ஊர் ஒன்றில் அரசு உதவிபெறும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். அவர் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

பழைய மாணவர்கள் பணம் சேர்த்து, பள்ளியில் வைக்க ஏதாவது வாங்குங்கள் என்று அவரிடம் கொடுத்தார்கள். அவர் இந்த மட்டையை வாங்கினார். விளையாட்டு விழாவில் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார், யாரிடமும் காட்டவில்லை. விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் பல ஆண்டு மாநில அணிக்கு ஆடியவர். மேடையில் மட்டையைக் கையில் வாங்கி, ஒரு பெயரைப் பார்த்து, இவர் அந்தத் தொடரில் இல்லையே என்று மைக் முன்னாலேயே சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. மறுவாரம் வேறு பேச்சு கிளம்பியது. ஆசிரியர் கடையில் சாதா மட்டை வாங்கி, தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டார் என்றார்கள். நிர்வாகம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தது. ஏலப் பக்கத்தைக் காட்டலாம் என்று கணினியைத் திறந்தால், பழைய பக்கங்களைத் தளம் எடுத்துவிட்டது. அவரிடம் மிஞ்சியது பார்சல் உறையில் இருந்த அனுப்புநர் முகவரி.

“பணம் திருப்பித் தர வேணாம் சார். பேட்டும் என்கிட்டயே இருக்கட்டும். நீங்க அனுப்பும்போதே இதுல பதினாலு கையெழுத்தும் இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். நான் போடலன்னு ஆகிரும்.”

வியாபாரி ஊருக்குள் ஆளனுப்பிச் சாப்பாடு வாங்கிவரச் சொன்னார். ஆசிரியர் வேண்டாம் என்றார். வியாபாரி ஒரு தட்டில் பன்னீர் திராட்சை வைத்தார். ஆசிரியர் அதைத் தொடவில்லை.

“நீங்க கேக்கவே இல்லையே வாத்தியாரே,” என்றார் வியாபாரி. குரல் தாழ்ந்திருந்தது.

“எதை?”

“இதுல எல்லாரும் அந்தத் தொடர்ல ஆடுனவகதானான்னு. கேக்கத்தான் அங்கன ஒரு பொட்டி இருந்துச்சே.”

“ஆடாதவர் பேரு இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்? நீங்க இதையெல்லாம் சேக்குறவக. எனக்குத் தெரிஞ்சது ஓட்டப்பந்தயமும் டிரில்லும்தான்.”

“புகார் பண்ண ஏழு நாள் இருந்துச்சுல்ல. தெரிஞ்சவங்ககிட்ட காட்டியிருக்கலாமே.”

“காட்டியிருக்கணும். அது என் தப்புத்தான்.” போர்வைச் சுருளில் தளர்ந்திருந்த சணலை இறுக்கிக் கட்டினார். பிறகு நிமிர்ந்து கேட்டார். “விக்கும்போது உங்களுக்குத் தெரியுமா?”

கொட்டகையில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். வியாபாரி என்னைப் பார்த்தார். நேரடியாகக் கேட்ட கேள்விக்கு அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்றும் சொல்லவில்லை.

“தெரியும்,” என்றார்.

ஆசிரியர் கோபப்படவில்லை. தான் கேட்டது சரியாகக் காதில் விழுந்ததா என்று யோசிப்பவர்போல் இருந்தார்.

“அந்த இங்கிலீஷ் நீங்க எழுதுனதா?”

“இல்ல. இந்தத் தம்பி.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பத்திரிகைக்காரரா சார்? பத்து தடவ படிச்சேன் அதை. அலட்டல் இல்லாம இருந்துச்சு. மத்தவனெல்லாம் ஒரிஜினல், நூறு சதவீதம்னு ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தான். இது நாணயமான ஆளு எழுதுனதுன்னு நெனச்சுத்தான் இதை எடுத்தேன்.”



வியாபாரி எழுதிக் கொடுக்க மறுத்தார். வாயால் எத்தனை பேர் முன்னாலும் சொல்லத் தயார், அவருடைய பள்ளிக்கே வந்துகூடச் சொல்லத் தயார், ஆனால் எழுத்து வேண்டாம் என்றார். தெரிந்து விற்றேன் என்று தாளில் போட்டால் நாளை வேறு மாவட்டத்துக் காவல் நிலையத்தில் நிற்கவேண்டி வரும் என்பது அவர் பயம். தெரிந்து என்று எழுத வேண்டாம், இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும் என்று ஆசிரியர் மூன்று முறை சொன்னார். “கையெழுத்துன்னு வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான் வாத்தியாரே,” என்றார் வியாபாரி. பள்ளிக்கு அவர் போகவும் இல்லை. மறுநாள் ஓர் அறுப்பு இருந்தது, பிறகு அடுத்தது வந்தது.

“அப்ப நீங்க எழுதுங்க சார். நீங்கதானே போட்டோ எடுத்தது. போட்டோ இருக்கா?”

இல்லை. கேமரா கார்டில் இடம் வேண்டும் என்று வாராவாரம் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். எழுதுகிறேன் என்றேன்.

இருவரும் பாய் கடைக்குப் போனோம். ஆசிரியர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், போர்வைச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு. நான் உள்ளே தட்டச்சு செய்தேன். முதல் வரி இப்படி வந்தது: ‘இந்த மட்டையை நான் என் கண்ணால் பார்த்தேன், விற்பதற்கு முன்பே இதில் பதினான்கு கையெழுத்துகளும் இருந்தன.’ அதற்குக் கீழே என் பெயர், என் நாளிதழ், என் தொலைபேசி எண் வரவேண்டும். அந்த ஆண்டு முழுநேர நிருபர் பணிக்கு என் பெயர் மதுரை அலுவலகத்தில் பரிசீலனையில் இருந்தது. போலிப் பொருள் விற்ற விவகாரத்தில் நிருபரின் பெயர் என்று ஒரு தபால் அங்கே போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எத்தனை நிமிடம் யோசித்தேன் என்று நினைவில்லை. வரியை அழித்தேன்.

கடைசியில் அச்சில் வந்தது இது: ‘மேற்படி மட்டை கம்பம் பகுதியிலிருந்து அனுப்பப்பட்டபோதே கையெழுத்துகளுடன் இருந்ததாகத் தெரியவருகிறது.’ கீழே என் பெயரின் முதல் எழுத்தும் ஒரு கிறுக்கலும். நாளிதழின் பெயர் இல்லை, எண் இல்லை.

பாய் தாளை எடுத்துப் படித்தார். “யாரு அனுப்புனா, யாருக்குத் தெரியவருது, ஒண்ணும் இல்லையே. இது லெட்டரா, ரேடியோல மழை சொல்றதா?”

“விடுங்க பாய்.”

“நான் விட்டுட்டேன். வெளிய உக்காந்திருக்காகளே, அவுக விடணும்ல.” அச்சுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆசிரியர் நின்றபடி இரண்டு முறை படித்தார். படிப்பவரின் கண் எந்தச் சொல்லில் தங்குகிறது என்பதைப் பார்க்கத் தெரிந்தவன் நான். அவர் கண் கடைசிச் சொல்லில் தங்கியது.

“பாத்தேன்னு போடக்கூடாதா சார்?”

“இவ்வளவுதான் முடியும் சார்.”

“நீங்க பாத்தீங்கள்ல?”

“பாத்தேன்.”

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருப்பதாகச் சொன்னார். பேருந்து நிலையம் வரை கூடப் போனேன். மதுரை வண்டியில் உட்கார இடம் இருந்தது. மட்டையை மேலே வைக்கச் சொன்ன நடத்துநரிடம் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். வண்டி நாலு நாற்பதுக்குக் கிளம்பியது.

பங்குனியில் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. என் கடிதத்தை விசாரணைக் குழு ஏற்கவில்லை என்றும், அதில் சாட்சி என்று யாரும் இல்லை என்று குழுத் தலைவர் சொன்னதாகவும், இன்னும் ஒருமுறை தெளிவாக எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருந்தார். பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்களாம். கையெழுத்து நேராக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இருந்தது. அட்டையை வியாபாரியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நீங்க எழுதுனா எழுதுங்க தம்பி. என் பேரு வராம பாத்துக்கங்க.”

நான் எழுதவில்லை. அந்த வாரம் கூடலூருக்கு மேலே ஒரு ஜீப் கவிழ்ந்தது. அடுத்த வாரம் தண்ணீர் திறப்புப் பற்றிக் கூட்டம் நடந்தது. பதினைந்து நாள் முடிந்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அன்று காலை அந்தப் பக்கத்தைப் பார்க்கவும் பார்த்தேன்.

சித்திரையில் எனக்கு முழுநேரப் பணி ஆணை வந்தது. வியாபாரி சால்வை போர்த்தினார். அவர் அதன்பிறகும் ஏலத்தில் பொருள்கள் எடுத்தார், சிலவற்றை விற்றார். எழுதித்தர என்னை மறுபடி கூப்பிடவில்லை, நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் எங்கள் நாளிதழின் தென்மாவட்டப் பதிப்பில், ஏழாம் பக்கத்தில், அந்தப் பள்ளியின் விளம்பரம் ஒன்று வந்தது. உடற்கல்வி ஆசிரியர் தேவை, காலிப் பணியிடம் ஒன்று.